வைரப் படலம் வளரும்போது வாயுவை எதை வைத்துப் பார்ப்பது?

மண்டபம், தொண்டி மாதிரியான கடலோர ஊரில், வைரப் படலம் வளர்க்கும் ஆய்வகத்துக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்? அது வளர்க்கும் முறையைப் பொறுத்தது: சூடான இழையால் வாயுவை உடைக்கும் ஹாட் ஃபிலமென்ட், இல்லை மைக்ரோவேவால் வாயுவை ஒளிரும் அயனிக் கலவையாக்கும் மைக்ரோவேவ் பிளாஸ்மா.

ஹாட் ஃபிலமென்ட் முறையில் ஹைட்ரஜனோடு 1 சதவீதம் மீத்தேன், 20–30 டார் அழுத்தம், சுமார் 2,200 டிகிரியில் டங்ஸ்டன் இழை, அதன் அடியில் 800 டிகிரியில் சிலிக்கான். ஹைட்ரஜன் அணு மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்ததும் மிஞ்சும் மீத்தைல்தான் வைரத்தை முக்கியமாக வளர்க்கிறது. பார்க்க வேண்டியது அதைத்தான்.

வாயு உமிழும் ஒளியை நிறம் பிரித்து அளக்கும் ஒளி ஸ்பெக்ட்ரோமீட்டர் மலிவு. குவார்ட்ஸ் ஜன்னலில் ஃபைபரை வைத்தால் போதும்: ஹைட்ரஜன் 656.3, சிஎச் (CH) 431.4, சி2 (C₂, இரட்டைக் கார்பன்) 516.5 நானோமீட்டரில் கோடாகத் தெரியும். மைக்ரோவேவ் பிளாஸ்மாவுக்கு நல்ல துணை. ஆனால் மீத்தைல் அதில் ஒளிராது. சி2 கோடு உயர்ந்தால் வளர்ச்சியும் கூடிவிட்டது என்று எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ஜன்னலில் படியும் கரி நீலப் பக்கத்தைக் கூடுதலாக விழுங்குவதால், கோடுகளின் விகிதமும் மெல்ல நகரும். ஹாட் ஃபிலமென்டிலோ இழையின் வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடும். பிளாஸ்மாவில் காற்றுக் கசிவைப் பிடிக்க மட்டும் 388.3-ல் வரும் சிஎன் (காற்றின் நைட்ரஜன் கார்பனோடு சேர்ந்த CN) கோட்டுக்கு நிகரில்லை. 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்த உப்புக்காற்று, அறையின் இணைப்புகளை இறுக்கும் ஃபிளாஞ்ச் கிளாம்பை விட்டுவைக்காது.

வாயுவை அயனியாக்கி நிறை எண் வாரியாகப் பிரிக்கும் குவாட்ரபோல் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குச் செலவு அதிகம்: வாயுவை எடுக்க 100 மைக்ரான் அளவில் ஒரு துளை, இரண்டு கட்ட பம்ப். அயனியாக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் 70 எலக்ட்ரான் வோல்ட்டாக இருந்தால், மீத்தேனே உடைந்து மீத்தைலின் நிறை எண்ணான 15-ல் சிகரம் தரும். அதை மீத்தைல் என்று நம்பக்கூடாது. ஆற்றலை 13-க்கு இறக்குங்கள். மீத்தைல் 9.8-லேயே அயனியாகும், மீத்தேன் உடைந்து 15 தர 14.3 வேண்டும். அப்போது நிறை எண் 28-லும் நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு இரண்டும் மறைந்து முக்கியமாக எத்திலீன் நிற்கும். சிக்னல் வெகுவாகக் குறையும், பொறுமையாகச் சராசரி எடுக்க வேண்டும். துளையில் கரி அடைத்தால் எல்லாச் சிகரமும் சேர்ந்து இறங்கும். 13-ல் ஹைட்ரஜன் தெரியாது என்பதால், இடையிடையே 70-க்கு ஏற்றி அதன் நிறை எண் 2-ஐச் சரிபாருங்கள்.

214 நானோமீட்டர் அருகே லேசர் உறிஞ்சல் அளவு மீத்தைலின் எண்ணிக்கையையே தரும். ஆனால் அதன் கண்ணாடிகளை இந்த ஈர உப்புக்காற்றில் காப்பது தனி வேலை.

ஆக, பிளாஸ்மாவுக்கு முதலில் ஒளி. ஹாட் ஃபிலமென்டுக்கு யோசிக்காமல் குவாட்ரபோல். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அறையைத் திறந்தால் சுவரெல்லாம் நீராவி ஒட்டும். உலர் நைட்ரஜன் விட்டே திறந்து, மூடியபின் இரவு முழுக்க 120 டிகிரியில் சூடாக்கி, நீராவியின் நிறை எண் 18-ன் சிகரம் அடங்கியபின் மீத்தேன் விடுங்கள்.