எழுதாத மெதட் வந்தால்: பிஎச்பி ஸ்கிரிப்டும் ஜாங்கோ வியூவும்

சரக்கு இருப்பைத் திருத்தும் ஒரு வலைப்பக்கத்தை அண்மையில் பிஎச்பி மொழியிலிருந்து பைதான் மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவுக்கு மாற்றினேன். சர்வருக்கு வரும் கோரிக்கையின் வகைதான் மெதட்: பக்கத்தைக் கேட்பது கெட், தரவை அனுப்புவது போஸ்ட். இந்த இரு மெதட்களையும் பிஎச்பி, ஜாங்கோ இரண்டுமே ஒழுங்காகக் கையாளும். பிஎச்பி ஒரே கோப்பு, எந்த ஹோஸ்டிங்கிலும் ஏற்றினால் ஓடும். ஜாங்கோவை அமைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சரி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. என்னை ஜாங்கோ பக்கம் இழுத்தது வேறு: நாம் எழுதியே வைக்காத மெதட் வந்தால் என்ன நடக்கிறது?

பிஎச்பியில் வழக்கமாக எப்படி எழுதுகிறோம்? மெதட் போஸ்ட் என்றால் சேமி, இல்லையென்றால் ஃபார்மைக் காட்டு. இந்த ‘இல்லையென்றால்’தான் வில்லங்கம். ஒரு மொபைல் ஆப் இருப்பைத் திருத்த புட் (இருப்பதை மாற்றி வைக்கச் சொல்லும் மெதட்) அனுப்புகிறது என்று வையுங்கள். அதுவும் அந்தக் கிளைக்கே போய், ஃபார்ம் பக்கம் 200 (‘எல்லாம் சரி’ என்னும் ஸ்டேட்டஸ் எண்) என்ற பதிலோடு திரும்பும். ஸ்டேட்டஸை மட்டும் பார்க்கும் ஆப், வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். டேட்டாபேஸில் ஒன்றும் மாறியிருக்காது. எரர் லாகிலும் தடயம் கிடைக்காது. எங்கே தேடுவது?

ஜாங்கோவில் கோரிக்கைக்குப் பதில் தரும் பகுதியான வியூ கிளாஸில் கெட்டுக்கு ஒரு ஃபங்ஷன், போஸ்ட்டுக்கு ஒன்று. புட்டுக்கு எதுவும் இல்லையென்றால் 405 (‘இந்த மெதடுக்கு இங்கே அனுமதியில்லை’) போகும். கூடவே அலவ் ஹெடரில் கெட், போஸ்ட், ஹெட், ஆப்ஷன்ஸ் என்று இங்கே செல்லுபடியாகும் பட்டியலும் போகும். சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளம் அனுப்பிய போலிக் கோரிக்கை அல்ல என்று காட்டும் அடையாளம்) இல்லாமல் வந்த புட் அதற்கு முன்பே 403 (‘தடை’) வாங்கிவிடும். எப்படியானாலும் பொய்யான 200 கிடையாது. பின்னால் டெலீட் வேண்டுமென்றால் ஒரு ஃபங்ஷன் சேர்த்தால் போதும், பழைய வரிகளைத் தொட வேண்டாம்.

பிஎச்பியிலும் 405ஐ நாமே எழுதலாம்தான். ஆனால் ஒவ்வொரு கோப்பிலும் மறக்காமல் எழுத வேண்டும். பராமரிப்பில் நழுவுவது இதுதான். லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கைப் போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும், ஆகவே நான் சொல்வது வெறும் ஸ்கிரிப்டைப் பற்றி.

புட்டில் வரும் ஃபார்ம் தரவு விஷயத்தில் மட்டும் பிஎச்பி ஒரு படி மேல். இரண்டிலுமே அது போஸ்ட் தரவோடு தானாக வந்து சேராது. ஆனால் பிஎச்பி 8.4இல் அதைப் பிரித்துத் தரவே ஒரு ஃபங்ஷன் வந்திருக்கிறது. பெரிய ஃபைல்களை வைத்து அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

பிரவுசர் ஃபார்ம் மட்டுமே பேசும் பக்கம் என்றால் மாற்றச் சொல்ல மாட்டேன். ஹெச்டிஎம்எல் ஃபார்ம் கெட், போஸ்ட் தவிர சர்வருக்கு வேறெந்த மெதடையும் அனுப்பாது.