எக்ஸ்பிரஸ் பாஸா, உள்ளே வேலை பார்க்கும் நண்பனா?

கடந்த ஒன்றரை ஆண்டில் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு மூன்று விதமாகப் போய் வந்துவிட்டேன். முதல் முறை வெறும் நுழைவுச்சீட்டு. இரண்டாம் முறை, ஊரிலிருந்து வந்த அக்கா, அத்தானோடு, நீண்ட வரிசையைத் தாண்டி ஏறவிடும் எக்ஸ்பிரஸ் பாஸ். மூன்றாம் முறை, அங்கேயே ரைடு இயக்கும் பிரிவில் இருக்கும் என் கல்லூரித் தோழனோடும், உள்ளேயே ஓர் உணவகத்தில் வேலை பார்க்கும் அவன் மனைவியோடும், இருவருக்கும் ஆஃப் கிடைத்த ஒரு புதன்கிழமை. மூன்றில் எது என்று கேட்டால் யோசிக்காமல் மூன்றாவதைத்தான் சொல்வேன். காரணம் மட்டும் பலர் நினைப்பதல்ல.

பலர் நினைப்பது இரண்டு: இலவச டிக்கெட் கிடைக்கும், வரிசையில் நிற்க வேண்டாம். எனக்கு இரண்டும் நடக்கவில்லை. என் டிக்கெட்டை நான்தான் வாங்கினேன். வரிசையில் அவனும் எங்களோடு வியர்க்க வியர்க்க நின்றான். "உன் ஆளுங்கதானே, முன்னாடி விடச் சொல்லேன்" என்று கேட்பது அவன் வேலைக்கே உலை வைக்கும் காரியம். தயவுசெய்து யாரும் அப்படிக் கேட்காதீர்கள்.

வெறும் டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளி நடக்கும் நாட்களில் வார நடுவே போனால் அதுவே போதும். தனியாக உட்காரத் தயங்காதவர்கள் மம்மி, டிரான்ஸ்பார்மர்ஸ் ரைடுகள் இரண்டிலும் தனி ஆளுக்கான சிங்கிள் ரைடர் வரிசையில் நுழையலாம், நேரம் நன்றாகவே மிச்சமாகும். தொப்பி, தண்ணீர், மாற்றுச் சட்டை எல்லாம் உங்களுக்கே தெரியும்.

எக்ஸ்பிரஸ் பாஸ் மோசமில்லை. விலை நாளுக்கு நாள் மாறும், கூட்ட நாட்களில் நுழைவுச்சீட்டு விலையையே தாண்டிவிடும். சாதாரண பாஸ் என்றால் ஒரு ரைடுக்கு ஒரு தடவைதான், எத்தனை முறையும் ஏறக்கூடியது தனி விலை. நாங்கள் சாதாரண பாஸ் எடுத்தோம். மதியம் ஒன்றரைக்குள் ஐந்து ரைடு முடிந்துவிட்டது. அத்தானுக்கு, கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்துவிட்ட மாதிரி முகம். மீதியைச் சாவகாசமாகப் பார்க்கலாம் என்று சாப்பிட உட்கார்ந்தோம்.

அப்போது இடித்தது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஊரிலிருந்து வருகிறவர்கள்தான் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரி கூடத் தள்ளி இல்லாத தீவு இது. உலகத்தில் அதிகம் மின்னல் விழும் பகுதிகளில் ஒன்று. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் காலையெல்லாம் வெயில் கொளுத்தும், பிற்பகலில் இடிமழை கொட்டும். பக்கத்தில் மின்னல் அபாயம் என்றால் திறந்தவெளி ரைடுகள் நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். இரண்டு தடங்கள் கொண்ட ரோலர் கோஸ்டரான பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவின் தண்டவாளம் தரையிலிருந்து 42.5 மீட்டர் உயரம் போகிறது. சுற்றிலும் கடல், நடுவே அவ்வளவு உயர இரும்பு. அதில் அந்த நேரத்தில் ஆளை ஏற்றுவார்களா?

அன்றைக்கு எங்களுக்கு பேட்டில்ஸ்டார், கேனப்பி ஃபிளையர், ஜுராசிக் பார்க் படகு மூன்றும் பாக்கி. மூன்றும் திறந்தவெளி. கையில் பாஸ் இருக்கிறது, ஏற ரைடு இல்லை. கூரைக்குக் கீழே ஓடும் ரைடுகளை நாங்கள் காலையிலேயே முடித்திருந்தோம், பாஸையும் அங்கே செலவழித்தாயிற்று. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றோம். இது பூங்காவின் தவறே இல்லை, நாங்கள் போட்ட வரிசை தவறு. வெயில் அடிக்கும்போது ஏசிக்குள் ஓடினோம், மழை வரும்போது வெளியில் பாக்கி வைத்திருந்தோம்.

நண்பனோடு போன நாளில் இதே வானம், இதே மாதிரி மழை. நடந்ததுதான் வேறு.

வாசலைத் தாண்டியதும் கூட்டம் முதலில் கண்ணில் பட்ட வரிசையில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் எங்களை நேரே தீவின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போவதுபோல ஜுராசிக் பக்கம் நடத்திப் போனான். முதலில் கேனப்பி ஃபிளையர். "வரிசை சின்னதா இருக்குன்னு அப்புறம் வந்து நின்னுடாதே. ஒரு தடவைக்கு ஏறுற ஆளே கொஞ்சம். நீளத்தைப் பார்க்காதே, நகர்ற வேகத்தைப் பாரு" என்றான். டிரான்ஸ்பார்மர்ஸ் நேர் எதிர், வரிசை பாம்பு மாதிரி நீண்டிருந்தாலும் சரசரவென்று நகரும். பேட்டில்ஸ்டாரை 2013இல் மூடி 2015இல் மறுபடி திறந்தபோது ஒரு வரிசைக்கு நான்கு இருக்கை என்றிருந்ததை இரண்டாக்கிவிட்டார்கள். ஒரு நடைக்கு ஏறும் ஆள் குறைவு என்பதால் அங்கேயும் வரிசை பார்ப்பதற்குச் சிறிது, நிற்பதற்குப் பெரிது.

மதியம் ஷ்ரெக் படத்தில் வரும் ஃபார் ஃபார் அவே கோட்டை முன்னால் அக்கா பிள்ளைகளுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் மேலே பார்த்தான். எனக்குத் தெரிந்து வெயில்தான் அடித்தது. தெற்கே கடல் பக்கம் மட்டும் அடியில் ஈயம் பூசியமாதிரி ஒரு மேகம். "கிளம்பு, மம்மிக்குப் போயிடலாம்" என்றான். போட்டோவைப் பாதியில் விட்டு நடந்தோம். மம்மி இருக்கும் பழைய எகிப்துப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்து, பையை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடம் வெளி ரைடுகள் நிறுத்தப்படுவதாக அறிவிப்பு. திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.

வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது. எல்லாரும் இன்னும் கூரைக்கடியில். இவன் மட்டும் பேட்டில்ஸ்டார் பக்கம் போய் நின்றுகொண்டு விரலைக் காட்டினான். மேலே ஒரு வண்டி ஆளே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நின்ற ரைடை மறுபடி திறக்கும்முன் காலி வண்டியை விட்டுப் பார்ப்பார்களாம். "காலியா சுத்துதுன்னா சீக்கிரம் திறக்கப் போறாங்கன்னு அர்த்தம்." மழையில் நின்றவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். சிவப்புத் தடத்தில் ஒரு முறை, காலைத் தொங்கவிட்டு ஓடும் மற்றத் தடத்தில் ஒரு முறை, இறங்கி உடனே மறுபடியும் ஒரு முறை. இருக்கை ஈரம் இன்னும் முதுகில் இருக்கிறது.

எக்ஸ்பிரஸ் பாஸ் வரிசையை வாங்கித் தரும். வானத்தை வாசிக்கிற கண் பல நூறு நாள் அங்கே நின்றவனிடம்தான் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு நாளைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அந்த இரண்டு மணி நேரம்தான் என்று இப்போது நம்புகிறேன்.

ஆனால் இந்த வழிக்கும் விலை உண்டு, அதைக் கொடுப்பது நாம் அல்ல. ஆறு நாள் நின்ற இடத்துக்கே ஏழாவது நாளும் வருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவன் மனைவி எங்கள் மூன்று தட்டையும் தானே அடுக்கி, மேசையை டிஷ்யூவால் துடைத்தார். நான் தடுத்தேன். மேசை துடைக்கும் பெண்ணைக் காட்டி, "அந்தத் தங்கச்சி காலையிலிருந்து நிக்கிறா, அண்ணா" என்றார். அதனால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்: அவர்களாக அழைத்தால் மட்டும் போங்கள். அன்றைய சாப்பாடு, டாக்சி எல்லாம் உங்கள் செலவாக இருக்கட்டும். அவர்கள் ஆஃப் வார நடுவில்தான் வரும் என்பதால் நீங்களும் ஒரு நாள் விடுப்புப் போட வேண்டும்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியாது, நாங்கள் எல்லாரும் பெரியவர்கள். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் போனதே இல்லை. அந்தக் கூட்டத்தில் மேகத்தைப் பார்த்து நடப்பதற்கே இடம் இருக்காதோ என்னவோ. ஊரிலிருந்து வருகிறவர்கள், ஒரே நாள்தான், இங்கே யாரையும் தெரியாது என்றால் தயங்காமல் பாஸ் எடுங்கள். ஆனால் காலையில் திறந்தவெளி ரைடுகள், மதியத்துக்கு மேல் கூரைக்குள் ஓடுபவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்ததற்கு நேர் எதிராக.

அக்கா டிசம்பரில் மறுபடி வருகிறாள். நண்பனிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவன்தான் தன் ஷிப்ட் அட்டவணையை அனுப்பி இரண்டு செவ்வாய்க்கிழமைகளில் வட்டம் போட்டிருக்கிறான். ஒரு செவ்வாய்க்கிழமை அவர்கள் இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். மற்றதை வானம் பார்த்து முடிவு செய்யலாம் என்று எழுதியிருக்கிறான்.