85,000 ரூபாய்க்கு என் தலையில் நடவு நடந்த கதை – முடி நடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று மாலை முடிவெட்டப் போனேன். எப்போதும் வெட்டுகிற தம்பிதான். வெயில் தாங்கவில்லை, இந்த முறை ஒட்ட வெட்டு என்றேன். பின்பக்கம் மெஷினை வைத்தவன் சட்டென்று நிறுத்திவிட்டு, "அண்ணே, என்னண்ணே இது, எலி கொறிச்ச மாதிரி இருக்கு?" என்றான். கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினான். காதிலிருந்து காதுவரை புள்ளி புள்ளியாக வெறும் தோல். இதற்குத்தான் 85,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைசியில், கவனிக்க வேண்டியவற்றைப் பத்து பாயிண்டாகத் தருகிறேன்.

எனக்கு 34 வயது. முன்னால் இரண்டு பக்கமும் ஏறி, உச்சியிலும் மெலிந்துவிட்டது. போன வருடம் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மாடிப்படியிலிருந்து யாரோ படம் எடுத்திருந்தார்கள். பந்தியில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, என் மண்டை மட்டும் ட்யூப்லைட்டில் மின்னியது. அன்று இரவு போனில் தேடினேன். மறுநாளிலிருந்து எதைத் திறந்தாலும் முடி நடும் விளம்பரம். அப்படிப் போய்ச் சேர்ந்ததுதான் மெயின் ரோட்டில் கண்ணாடி முகப்பும் சோபாவுமாக இருக்கிற அந்த முடி கிளினிக். பெயர் வேண்டாம். இது மாதிரி ஊருக்கு நாலு இருக்கிறது.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் தலையில் கேமராவை வைத்து டிவியில் காட்டினார். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்கே இங்கதான் பண்ணது சார், தொட்டுப் பாருங்க" என்று தலையைக் குனிந்தார். தொட்டேன். லேசாக இழுத்தும் பார்த்தேன். நல்ல அடர்த்தி, தேங்காய் எண்ணெய் வாசனை. அங்கேதான் விழுந்தேன். ஒரு மனுஷன் தன் தலையையே நீட்டும்போது என்னத்தைச் சந்தேகப்படுவது? நான் வாய்க்கு வாய் "டாக்டர்" என்று கூப்பிட்டேன், அவரும் மறுக்கவில்லை. அவர் டாக்டரே இல்லை, ஆள் பிடித்து விற்கிற ஆலோசகர் என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 3,000 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடுகிற சின்ன முடிக்கொத்து), ஒன்றுக்கு 30 ரூபாய், மொத்தம் 90,000. இன்றே முன்பணம் கட்டினால் 85,000. கட்டினேன். கையில் 13,000, மீதி 72,000 மாதம் 4,000 வீதம் 18 தவணை.

அறுவை சிகிச்சை அன்று நிஜ டாக்டர் ஒருவர் வந்தார். நெற்றியில் கோடு போட்டார், மரத்துப்போக ஊசி போட்டார், பத்து நிமிடத்தில் போய்விட்டார். அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை. முடியைத் தோண்டி எடுத்ததும், துளை போட்டதும், நட்டதும் இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும்தான். பாதியில் சாப்பாட்டு நேரம் வந்தது. எழுந்து உட்கார்ந்தபோது பார்த்தேன்: தட்டில் ஈரத்துணி மேல் பத்துப் பத்தாக அடுக்கிவைத்த என் முடிகள், ஒவ்வொன்றின் அடியிலும் வெண்மையாக ஒரு துளி சதை. மேலே ஏசி காற்று. பக்கத்து அறையில் பிரியாணி வாசனை. அவர்கள் திரும்பி வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

நான் டெல்டாக்காரன். பிடுங்கிய நாற்றுக்கட்டு காய்ந்தால் பச்சை பிடிக்காது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் நட்ட முடி கொட்டியது. "நார்மல் சார்" என்றார்கள். அது உண்மைதான், நட்ட முடி முதலில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் புதிதாக முளைக்க ஆரம்பிக்கும். அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டே என்னை ஓட்டினார்கள். நாலாவது மாதம்: "ஆறு மாசம் பாருங்க." ஆறாவது மாதம்: "பி.ஆர்.பி. மூணு தடவை போட்டா பிக்கப் ஆகும்" (நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துத் தலையில் போடுகிற ஊசி), அதற்குத் தனியாக 13,500. எட்டாவது மாதம்: "ஹெல்மெட் போட்டீங்களா? அதான்." பத்தாவது மாதம் அந்தத் தேங்காய் எண்ணெய் மனிதரைக் கேட்டால், வரவேற்பில் இருந்த புதுப் பெண் "அவர் இப்ப இங்க இல்லையே சார்" என்கிறாள். ஆயுட்கால உத்தரவாதம் என்று கொடுத்த அட்டையைத் திருப்பிப் பார்த்தால், அடுத்த சிட்டிங்குக்கு 10 சதவீதத் தள்ளுபடி. அவ்வளவுதான் ஆயுள்.

இன்று காலை லீவு போட்டுவிட்டு ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு விளக்கினார். பின்னந்தலை முடியை எடுத்து நடுவது ஏனென்றால், முன்னால் முடியைக் கொட்ட வைக்கிற ஹார்மோன் அதை அவ்வளவாகத் தொடாது. இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் மாறாது. ஆனால் எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது, அதனால் அங்கங்கே விட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். என் தலையில் ஒரே இடத்தில் நெருக்கமாகத் தோண்டியிருக்கிறார்கள். அதிலும் வேர் அறுபட்டதும் காய்ந்ததும் போக முன்னால் பிழைத்தது கொஞ்சம்தான். "ஏற்கெனவே இருக்கிற முடி கொட்டாம இருக்க மாத்திரை ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். ஷாம்பு கொடுத்தார்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

2022-லேயே தேசிய மருத்துவ ஆணையம் இதற்கு வழிகாட்டுதல் போட்டிருக்கிறது: முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொண்டது போதாது. அதற்கும் முன்னால், 2016-ல், சென்னையில் முடி நடப் போன ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார். பேப்பரில் வந்த செய்தி. நானும் அப்போது படித்தேன். படித்தும் போனேன்.

பத்து பாயிண்ட் என்றேன். எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, இவ்வளவுதான் வருகிறது. தோண்டுவதும் துளை போடுவதும் யார் என்று எழுத்தில் கேளுங்கள், அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். அன்றைக்கே முன்பணம் கட்டாதீர்கள். முடி நடுவதற்கு ஜி.எஸ்.டி. உண்டு, பில் தராமல் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு வெள்ளைத்தாள்தான் கொடுத்தார்கள். பின்னந்தலையையும் முன்கூட்டியே படம் எடுத்து வையுங்கள். ஏமாந்தவர்கள் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நான் திங்கட்கிழமை போகிறேன், வெள்ளைத்தாளோடு.

85,000. பி.ஆர்.பி. 13,500 தனி. தவணை இன்னும் ஏழு பாக்கி, 5-ஆம் தேதி ஆனால் 4,000 போய்விடும்.