பத்மநாபபுரம் அரண்மனை: நாலாவது தடவை போகும் முன் ஒரு ரிவ்யூ

ஆறாம் வகுப்பு ஸ்கூல் டூரில் இந்த அரண்மனைக்குப் போனபோது என் மனசில் நின்றது ஊட்டுப்புரையில், அதாவது சாப்பாட்டு மண்டபத்தில், இருந்த ஒரு பெரிய சீனப் பரணிதான் (ஜாடி). அதுக்குள்ளே ஒரு ஆள் உட்காரலாமா கூடாதா என்று தோழியோடு சண்டை போட்டதில் மற்ற எதையும் பார்க்கவில்லை. இப்போது ஆர்க்கிடெக்சர் மூணாம் வருஷம். இந்த வருஷம் மட்டும் மூணு தடவை போயாச்சு.

காரணம் ஒரு ஜூரி, அதாவது நாங்கள் வரைந்ததைப் பார்த்துச் சார்கள் கேள்வி கேட்கிற நாள். குளச்சல் கடற்கரையோரம் ஒரு படிப்பகம் வரையச் சொல்லியிருந்தார்கள். நான் போனில் சேர்த்து வைத்திருந்த நானூற்றுச் சொச்சம் கட்டடப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். வெள்ளைச் சுவர், தட்டையான கூரை, மேற்கே கடலைப் பார்க்க ஆளுயரக் கண்ணாடி. வந்த சார் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மூணு மணி வெயிலுக்கு இங்க இருந்து படிக்கிறவன் என்னம்மா செய்வான்?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. "சாரல் அடிச்சா?" அதுக்கும் இல்லை.

அந்த வாரமே நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறித் தக்கலையில் இறங்கினேன். அங்கிருந்து அரண்மனை ரெண்டு கிலோமீட்டருக்குள்தான், ஆட்டோ கிடைக்கும். நடந்தாலும் பழுதில்லை, கருங்கல் கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டே போகலாம். திங்கள்கிழமை விடுமுறை, மத்தியானமும் கொஞ்ச நேரம் மூடுவார்கள். இடம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் தாலுகா, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை அவர்கள் கையில்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள், நமக்குப் பழகிவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கட்டடம் படிக்கிறவர்களுக்கு இது வசதி. கருங்கல், பலகை, அந்தக் கறுப்புத் தரை என்று ஒவ்வொன்றும் காலுக்கு வேறு வேறு குளிர்ச்சி. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்று சொல்கிறார்கள். இன்றைக்கும் குனிந்தால் ஜன்னலின் நிழல் அதில் தெரியும்.

நுழைந்ததும் பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். கூரையின் உள்பக்கம் 90 விதமான பூக்கள் மரத்தில் செதுக்கியிருக்கிறது. நான் முப்பத்தொன்று வரை எண்ணினேன், கழுத்து வலித்துவிட்டது. இதற்கு மேல்மாடிதான் மந்திரசாலை, திருவிதாங்கூர் ராஜா ஆலோசனை நடத்திய இடம். ஜன்னல்களில் கலர் மைக்கா பதித்திருக்கிறது. எங்கள் பாட்டா இதைக் காக்காப்பொன் என்பார். வெளியே மண்டை வெடிக்கிற வெயில், உள்ளே சாயங்காலம் போல வெளிச்சம். லைட் மீட்டர் ஆப்பை எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன், அப்புறம் சும்மா இருந்துவிட்டேன்.

என் படிப்பகத்துக்கு விடை கிடைத்தது இந்தச் சாய்ந்த மரச் சட்டங்களில். சுவர் இருக்க வேண்டிய இடங்களில் வரிசையாகச் சரிந்த சட்டங்கள். உள்ளே இருக்கிறவருக்குக் கீழே முற்றம் தெரியும், கீழே நிற்கிறவருக்கு உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. ரெண்டாவது தடவை போனபோது ஆனி மாசச் சாரல். சட்டத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றேன். காற்று முகத்தில் அடித்தது, நோட்டில் ஒரு சொட்டு விழவில்லை. நான் ஆளுயரக் கண்ணாடி போட்ட அதே தென்மேற்கு மழை!

டேப் பிடித்து அளக்கவெல்லாம் நிற்காதீர்கள், பின்னால் கூட்டம் தள்ளும். நான் சாணாலும் அடியாலும் அளந்தேன். சில வாசல்களில் குனிந்துதான் போக வேண்டும், உயரமானவர்கள் ஜாக்கிரதை. என்னோடு வந்த ஆறடிக்காரன் ரெண்டு தடவை இடித்துக்கொண்டு, மூணாவது வாசலிலிருந்து தானாகவே வணக்கம் வைத்தபடி நுழைந்தான்.

மூணாவது தடவை பாட்டாவைக் கூட்டிப் போனேன். அவர் ஐம்பது வருஷம் ஆசாரி வேலை பார்த்தவர். இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601 வாக்கில் கட்டத் தொடங்கியது, மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிந்தது, 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரம் போனது என்று நான் படித்ததை ஒப்பித்துக்கொண்டே வந்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் (கொட்டாரம் என்றால் அரண்மனை) பலாமரத் தூண் முன்னால் நின்றவர் நகரவில்லை. பிறகு கூரையின் சரிவு மரங்களான கழுக்கோல்களை அண்ணாந்து பார்த்து, அவற்றைத் துளைத்து வளை என்கிற குறுக்குக் கட்டையைச் செருகியிருப்பதைக் காட்டினார். "ஆணிய அடிச்சா ஒரு நா மரம் வெடிக்கும். இப்பிடித் தச்சா மரமே மரத்தப் புடிச்சுக்கும், மக்களே." நானூறு படத்தில் ஒன்றிலும் எனக்கு ஒரு மூட்டு தெரிந்ததில்லை.

உப்பரிகை மாளிகையில் எல்லோரும் மூலிகை மரங்களில் செய்த கட்டிலைப் பார்க்க நெரிப்பார்கள். வரைய வருகிறவர்கள் அதை விட்டுவிட்டு நவராத்திரி மண்டபத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் மரம், அது மட்டும் கல். மர அரண்மனைக்குள் திடீரென்று சுசீந்திரம் கோயிலுக்குள் வந்துவிட்டது போல இருக்கும். ராஜ குடும்பத்துப் பெண்கள் கச்சேரி பார்க்க மரச் சல்லடை வைத்த இடமும் அங்கே உண்டு. தெற்குக் கொட்டாரத்துச் சாமான்களைப் பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

சனி ஞாயிறு டூர் பஸ் கூட்டம், நின்று வரைய முடியாது. செவ்வாய், புதன் காலையில் திறந்ததும் போய்விடுங்கள். பென்சில் போதும், இருட்டில் கலர் தெரியாது. திரும்பும்போது தக்கலையில் ஒரு சர்பத், ரெண்டு மட்டிப் பழம்.

அஞ்சுக்கு நாலரை கொடுக்கிறேன். உப்பரிகையின் உச்சி மாடியில் உள்ள சுவரோவியங்களை இன்னும் பார்க்கக் கிடைக்கவில்லை, அந்த அரை அதற்காக.

படிப்பகத்தின் மாடலை ஐஸ் குச்சியில் சரிவுச் சட்டம் வைத்துச் செய்து பாட்டாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி. கடைசிச் சட்டத்துல வழியுற தண்ணி எங்க போவும்? அடிக்கட்டை குடிச்சு உளுத்துராதா? அங்க எப்பிடி வச்சிருக்கான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறேன்.