கேனான் 50 எம்எம் எஸ்டிஎம் லென்ஸ்: ரெண்டு வருஷமா நாய்ங்கள மட்டுமே எடுத்த அனுபவம்

முதல்ல மைனாவ பத்தி சொல்லிடுறேன், ஏன்னா இந்த லென்ஸ் வாங்கினதே அவளுக்காகத்தான். மூணு வருஷம் முன்னாடி தொப்பூர் கணவாய் இறக்கத்துல பின்னங்கால் நசுங்கி ரோட்டோரம் கெடந்த குட்டி, லாரிங்க சர்ரு சர்ருன்னு போயிட்டே இருக்கு, பைக்க ஓரங்கட்டிட்டு துண்டுல சுத்தி தர்மபுரிக்கு தூக்கிட்டு வந்துட்டேன். உடம்பு பூரா கருப்பு, கண்ணுக்கு மேல மட்டும் ரெண்டு பழுப்புப் புள்ளி. கால் தேறிடுச்சு, இப்பவும் லேசா தாங்கித் தாங்கித்தான் நடப்பா. நாய வாசப்படி தாண்ட விடாத எங்கம்மா இப்ப களி கிண்டினா மொத உருண்டைய ஆறவெச்சு அவளுக்குத்தான் எடுத்து வெக்கிறாங்க.

போன்ல எடுத்தா மைனா வெறும் கருப்பு உருவமாத்தான் வருவா, கண்ணு எங்க மூக்கு எங்கன்னே தெரியாது. கருப்பு நாய் வளக்குறவங்களுக்கு இந்த கஷ்டம் புரியும். அதனால செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேனான் 200டி கேமரா வாங்கினேன், கூட வந்த 18-55 லென்ஸ 55ல வெச்சா எஃப் 5.6க்கு மேல திறக்காது, எங்க வீட்டுத் திண்ணையில சாயங்கால வெளிச்சத்துக்கு அது பத்தவே பத்தல. எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸ் பெருசா திறக்கும்; இந்த 50 எம்எம் எஃப் 1.8 வரைக்கும் திறக்கும், அப்ப அதவிட கிட்டத்தட்ட ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வரும். ஃப்ளாஷ் போடலாமேன்னு கேப்பீங்க, போட்டா நாய் கண்ணுக்குள்ள இருக்குற படலம் வெளிச்சத்த திருப்பி அடிச்சு பச்சையா பளபளன்னு வந்துடும், பாக்கவே மனசு கேக்காது.

வாங்குறப்ப ஒரு அடி பட்டேன். ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட போட்டோ மட்டும் பாத்து மொத லென்ஸ் வாங்கினேன், வந்து பாத்தா உள்ள சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, போன் எடுக்கவே இல்ல அந்த ஆளு. ரெண்டாவது தடவ கிருஷ்ணகிரியில கல்யாண போட்டோ எடுக்குற ஒரு அண்ணன்கிட்ட நேர்ல போய் வாங்கினேன், 5,500 ரூபாய். போன் டார்ச்ச பின்பக்கம் அடிச்சு முன்பக்கமா உள்ள பாருங்க, பழைய லென்ஸ் வாங்குறவங்க யாரா இருந்தாலும் இத பண்ணாம காசு குடுக்காதீங்க.

இது 2015ல வந்த மாடல். இதுக்கு முன்னாடி இருந்தது 1990ல வந்தது, கேமராவுல மாட்டுற மவுண்ட்டே பிளாஸ்டிக், 45 சென்டிமீட்டருக்கு கிட்ட போனா ஃபோகஸ் ஆகாது. ஃப்ரெண்டோடத வாங்கி எடுத்துப் பாத்தப்ப மோட்டார் கிர்ர்ருனு கத்தும், அந்த சத்தத்துக்கு மைனா காத பின்னாடி மடக்கிட்டு எழுந்து போயிடுவா. இதுல எஸ்டிஎம்ங்குற ஸ்டெப்பிங் மோட்டார், சத்தம் ரொம்ப கம்மி, மவுண்ட் மெட்டல், 35 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போலாம். அந்த பத்து சென்டிமீட்டர் பெரிய வித்தியாசங்க. அவ தூங்கிட்டு இருக்கும்போது தரையில படுத்து மூஞ்சிக்கு கிட்ட வெச்சு ஒன்னு எடுத்தேன், புருவத்துப் பழுப்புப் புள்ளியில ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியுது, மூக்கு நுனியில கோடு கோடா இருக்குற தோல், தாடையில ஒரே ஒரு வெள்ள முடி. தினம் கட்டிப்புடிச்சு தூங்குற நாய்தான், அந்த வெள்ள முடிய போட்டோவுலதான் பாத்தேன்.

ஆனா எஃப் 1.8லயே வெச்சு எடுக்காதீங்க, கிட்ட போனா கொஞ்சூண்டு ஆழம்தான் ஷார்ப்பா வரும். நாய்க்கு மூக்கு நீளம், மூக்குல ஃபோகஸ் ஆச்சுன்னா கண்ணு மங்கிடும், கண்ணு மங்கினா படமே போச்சு. பக்கத்துல எடுக்குறப்ப நான் 2.8, சில நேரம் 4. கருப்பு நாய்க்கு இன்னொரு விஷயம், ஃப்ரேம் பூரா அதுவே இருந்தா கேமரா இருட்டுன்னு நெனச்சு வெளிச்சத்த ஏத்தி சாம்பல் கலர் ஆக்கிடும், எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்த பாதியா, கொறச்சா கருப்பு கருப்பா வரும். பின்னாடி வெயில் அடிச்சா அப்படியே தலைகீழா, ஏத்தி வெக்கணும்.

வீட்டுல பழகினதுக்கப்புறம் வெளிய போக ஆரம்பிச்சேன். அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் பக்கம் தேய்பிறை அஷ்டமிக்கு சாம்பல் பூசணி விளக்கு போட அவ்ளோ கூட்டம் வரும், பைரவருக்கு வாகனமே நாய்தான, அதனால அந்தப் பக்கத்து நாய்ங்கள நிம்மதியா எடுக்கலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. காதுல சின்ன வெட்டு இருந்தா கருத்தடை பண்ணின நாய்னு அர்த்தம், அந்த வெட்ட நான் மறைக்காமத்தான் எடுப்பேன். செங்கம் பக்கத்துல எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு, மகேந்திரவர்மன் காலத்து கல்லு, எசமான் செத்த எடத்துல கோவிவன்ங்குற நாய் கள்ளன கடிச்சு நின்னத பேரோட செதுக்கி வெச்சிருக்காங்க. 1400 வருஷம் முன்னாடியே நம்ம பக்கத்துல நாய்க்கு பேரு சொல்லி உருவம் வெச்சிருக்காங்கன்னு நெனச்சா தெரு நாய எடுக்கும்போதும் எனக்கு கை கவனமாத்தான் போகும்.

தெரு நாய்கிட்ட இந்த லென்ஸோட கிட்ட போற வசதிய நம்பி மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க. நாய்க்கு அது பெரிய கண்ணு மொறைக்கிற மாதிரி இருக்கும், தலைய திருப்புனாலோ உதட்ட நக்குனாலோ சும்மா கொட்டாவி விட்டாலோ அதுக்கு பிடிக்கலன்னு அர்த்தம், ரெண்டு அடி பின்னாடி வந்துடுங்க. 200டி மாதிரி சின்ன சென்சார் இருக்குற கேமராவுல இது 80 எம்எம் கணக்குல வேல செய்யும், அதனால தள்ளி உக்காந்தே மூஞ்சி நல்லா எடுக்கலாம்.

குறைன்னா ரெண்டு. ஓடுற நாய்க்கு இது ஆகாது. ஷட்டர் வேகத்த செகண்டுல 1000ல ஒன்னுன்னு வெச்சு, தொடர்ந்து படம் எடுக்குற பர்ஸ்ட்ல அடிச்சாலும் மைனா நேரா ஓடி வர்றப்ப பத்துக்கு ரெண்டு மூணுதான் ஷார்ப்பா வருது, ஃபோகஸ் அவ வேகத்துக்கு ஓடல. பக்கவாட்டுல ஓடினா பரவால்ல. ரெண்டாவது, சின்ன வீட்டுக்குள்ள முழு நாய் அடங்காது, செவுத்துல முதுகு ஒட்டினாலும் வால் வெட்டுப்படும், அதுக்கு 24 எம்எம் மாதிரி அகலமா எடுக்குற லென்ஸ் தான் வேணும்.

வெயிட்டு 160 கிராம்தான், நாள் பூரா கழுத்துல தொங்குனாலும் தெரியாது. 49 எம்எம் ஃபில்டர் ஒன்னு கண்டிப்பா போடுங்க, மைனா இதுவரைக்கும் நாலு தடவ நக்கியிருக்கா. நாய் உக்காந்த எடத்துல, படுத்த எடத்துல எடுக்கணும்னா கண்ண மூடிட்டு வாங்கலாம், அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். காலையில ஆறரை மணிக்கு எங்க திண்ணையில சைடு வெளிச்சம் விழும், அந்நேரம் முழங்கால் மடக்கி அவ உயரத்துக்கு உக்காந்து எடுங்க, உங்க வீட்டு நாயையும்தான் சொல்றேன், எடுத்த படத்த எனக்கு காட்டுங்க.