ஆறு வருஷம் ஓடிய டேங்க் பிரிண்டரும், வாங்கமாட்டோம் என்ற சபதமும்

காங்கேயத்தில் ஜெராக்ஸ் கடை போடப்போகிற என் சித்தப்பா மகன் நேற்று போன் செய்து, "அண்ணா, நீங்க வெச்சிருக்கற பிரிண்டரையே நானும் வாங்கிக்கட்டுங்களா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. திங்கட்கிழமைதான் அதை சர்வீசில் இருந்து தூக்கி வந்திருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருந்துறையில் என் கடை. இந்த டேங்க் பிரிண்டர், அதாவது கார்ட்ரிட்ஜ் இல்லாமல் பாட்டில் மையை நேராகத் தொட்டியில் ஊற்றுகிற வகை, 2019 ஜூனில் வாங்கியது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா சிட்டா என்று காலையில் இருந்தே ஆள் நிற்கும், அத்தனையும் அடித்துத் தள்ளியது. கறுப்பு பாட்டில் ஒன்று ஊற்றினால் 4000 பக்கத்துக்குக் குறையாது. அதற்கு முன் இருந்த, மை அடைத்த டப்பாவை மாற்றுகிற கார்ட்ரிட்ஜ் பிரிண்டரில் ஒரு டப்பாவுக்கு 200 பக்கம் வந்தாலே அதிகம், ரீஃபில் செய்து போட்டால் டப்பாவில் இருக்கிற சிப்பைப் பார்த்துவிட்டு ஒரிஜினல் இல்லை என்று நின்றுவிடும். அந்தக் கோபத்தில் எங்கள் வீதியில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து, இனி அந்தக் கம்பெனி பொருளைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். இன்றுவரை நாலு பேரும் மாறவில்லை. ஆனால் ஈரோட்டில் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் அதே கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்தான் முன்வரிசையில் இருக்கிறது.

அப்புறம் டேங்க் பிரிண்டர் எப்படி வந்தது? வாங்காமல் இருந்தவர்களால் வரவில்லை. கார்ட்ரிட்ஜ் பிரிண்டரை வாங்கிப்போய், ஓட்டை போட்டு, டியூப் விட்டு, வெளியே டப்பா வைத்து மை ஊற்றினார்களே, அவர்களால் வந்தது. இந்தோனேசியாவில் அந்த வேலை பெரிதாக நடந்தது. எப்சன் 2010-ல் தன் முதல் டேங்க் பிரிண்டரை அங்கேதான் இறக்கியது. 2015-ல் கேனன், அடுத்த வருஷம் ஹெச்பி என்று மற்றவர்களும் வந்தார்கள். சத்தம் போட்டாலும் கொஞ்சம் பலன் உண்டு. 2016 செப்டம்பர் 13-ல் ஹெச்பியின் சில ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் திடீரென்று வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜை மறுத்தபோது எழுந்த சத்தத்தில், அந்த மாதமே மன்னிப்புக் கேட்டு, தடையை நீக்க மென்பொருள் தருவதாகச் சொன்னார்கள். பின்னால் வந்த மாடல்களில் அதே பூட்டு திரும்ப வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். 2022-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது கேனனே சிப் இல்லாத டோனரை (லேசர் மெஷினுக்கான மைத்தூள் டப்பா) விற்று, ஒரிஜினல் இல்லை என்று மெஷின் காட்டும் எச்சரிக்கையைத் தாண்டுவது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தது. சிப் இல்லாமலும் அச்சாகும் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்தது!

என் பிரிண்டரில் தலைவலி வேறு. எழுத்தில் கோடு விழுந்தால், மை வரும் துளைகளைச் சுத்தம் செய்ய ஹெட் கிளீனிங் கொடுப்போம் இல்லையா, அப்போது கழியும் மை அடியில் ஒரு பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிஜமாக நிறைந்ததா என்று பிரிண்டர் பார்ப்பதில்லை. தானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டே வந்து, அது முடிந்ததும் விளக்கு மின்ன நின்றுவிடும். இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஈரோட்டுக்குத் தூக்கிப்போய், பஞ்சு மாற்றி, கணக்கை அழிக்கக் கூலி கொடுத்து, இரண்டு நாள் வியாபாரமும் போகும். இந்தத் தடவை தன் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குக் கலர் பிரிண்ட் எடுக்க ஊத்துக்குளியில் இருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மாவை இல்லை என்று திருப்பி அனுப்பினேன். மழை வேறு. அது இன்னும் மனசை அறுக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் ஆறு வருஷத்தில் இது சம்பாதித்துக் கொடுத்ததற்கு முன்னால் அந்தச் செலவு பெரிதில்லை. இருந்தாலும் தம்பியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பஞ்சுப் பெட்டியை நாமே கழற்றி மாற்றுகிற மாடல்கள் இப்போது வருகின்றன, விலை கூடினாலும் அதைக் கேள், கடைக்காரர் வேறு எதையாவது எடுத்துக் காட்டினால் எழுந்து வந்துவிடு என்றேன். நான் ஒருத்தன் வாங்காததால் இந்த டேங்க் பிரிண்டர் செய்த கம்பெனிக்கு எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, தெரியும். ஆனாலும் அடுத்த பிரிண்டர் அவர்களிடம் இல்லை.

"சரிங்கண்ணா, பெட்டி தனியாக் கழருதான்னு கடையிலயே கழட்டிப் பார்த்துக்கறனுங்க" என்றான்.