எல்லாவற்றுக்கும் ஒரே 'வார்ன்': செஃப் ஸ்டேட்டஸோடு ஏழு வருடம்

பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாகச் சேர்த்து, டேட்டாவைப் பல பிரதிகளாக வைக்கும் மென்பொருள்தான் செஃப் (Ceph). புதிதாக செஃப் கிளஸ்டர் போடப்போகும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "தனியா மானிட்டரிங் எல்லாம் வைக்கணுமா? செஃப் ஸ்டேட்டஸ் ஒண்ணு அடிச்சுப் பார்த்தா போதாதா?" போதும் என்று வாய் வரை வந்தது. அதற்குள் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

காலையில் டெர்மினலைத் திறந்ததும் நான் முதலில் அடிப்பது கிளஸ்டரின் நிலையைச் சொல்லும் இந்த செஃப் ஸ்டேட்டஸ் கமாண்டைத்தான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒரே திரைக்குள் அடங்கிவிடும். மேலே ஹெல்த், அடுத்து கிளஸ்டரைக் கண்காணிக்கும் மானிட்டர்களில் எத்தனை கோரத்தில் (முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மையில்) இருக்கின்றன, எத்தனை ஓஎஸ்டி (டிஸ்க்கைக் கவனிக்கும் புரோகிராம்) அப், அதாவது ஓடுகின்றன, எத்தனை இன், அதாவது டேட்டா வைக்கும் கணக்கில் இருக்கின்றன, கீழே பிஜி (டேட்டாவைப் பிரித்து வைக்கும் தொகுதி) கணக்கு. அந்தக் கீழ்ப்பகுதிதான் எனக்குப் பிடித்தது. 'டிகிரேடட்' என்றால் பிரதி குறைகிறது. 'மிஸ்பிளேஸ்ட்' என்றால் பிரதிகள் முழுசாக இருக்கின்றன, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். முன்னது வந்தால் வயிறு கலங்கும். பின்னது வந்தால் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். இரண்டையும் பிரித்துக் காட்டியவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கீழே இவ்வளவு நுணுக்கம் வைத்துவிட்டு, மேலே அந்த ஹெல்த் வரியை மட்டும் ஏன் இப்படி விட்டார்கள்? ஓகே, வார்ன், எரர் என்று மூன்றே நிலை. மானிட்டர்களின் கடிகாரம் 0.05 விநாடிக்கு மேல் விலகினால் வார்ன். பூல் எனும் சேமிப்புப் பிரிவு எந்தப் பயன்பாட்டுக்கு (அப்ளிகேஷன்) என்று குறிக்க மறந்தால் வார்ன். பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு புரோகிராம் (டெமன்) விழுந்து தானே எழுந்துகொண்டாலும், அந்தப் பதிவைப் பார்த்துவிட்டோம் என்று நாம் ஆர்க்கைவ் செய்யாவிட்டால் இரண்டு வாரத்துக்கு வார்ன். சரி, போகட்டும். டிஸ்க் செத்துப் பிரதி ஒன்று குறைந்துபோனாலும் அதே வார்ன்தான்.

இதில்தான் மாட்டிக்கொண்டேன். அப்போது எங்களிடம் இருந்தது செஃபின் நாட்டிலஸ் பதிப்பு. பராமரிப்புக்காக ஒரு சர்வரை நிறுத்தும் முன் முறைப்படி நோ-அவுட் கொடி போட்டேன். வேலை முடிந்தது, சர்வர் வந்துவிட்டது, கொடியை எடுக்க மறந்துவிட்டேன். தினமும் காலையில் வார்ன். "அட, அந்த நோ-அவுட்தானே, அப்புறம் எடுத்துக்கலாம்" என்று டெர்மினலை மூடிவிடுவேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ ஒரு டிஸ்க் போனது. ஹெல்த் வரி வார்னிலிருந்து வார்னுக்கு மாறியது!

சாதாரணமாக ஓஎஸ்டி ஒன்று டவுனாகி 600 விநாடி கழிந்தால், செஃப் அதை அவுட் என்று ஒதுக்கிவிட்டு மற்ற டிஸ்க்குகளில் பிரதியைக் கட்டத் தொடங்கிவிடும். அதைச் செய்யாதே என்று சொல்வதுதான் நோ-அவுட். ஆக, அந்த டிஸ்க்கில் இருந்த பிஜிக்கள் எல்லாம் மூன்றுக்கு இரண்டு பிரதியோடு நான்கு நாள் ஓடியிருக்கின்றன. அதே பிஜிக்களில் பங்கு வைத்திருந்த இன்னொரு டிஸ்க்கும் போயிருந்தால், குறைந்தது இரண்டு பிரதி வேண்டும் (மின்-சைஸ் 2) என்பதால் அங்கே எழுதுவதும் படிப்பதும் நின்றிருக்கும். இரண்டு வரி கீழே '1 ஓஎஸ்டி டவுன்' என்று எழுதித்தான் இருந்தது. படிக்காதது என் தப்பு, மறுக்கவில்லை. ஆனால் தினமும் 'புலி வருது' என்று கத்தினால் எவன் எழுந்து வருவான்?

2020இல் வந்த ஆக்டோபஸ் பதிப்பில் ஹெல்த் மியூட் கிடைத்தது. தெரிந்த எச்சரிக்கையை நான்கு மணிநேரம் வாயை மூடச் சொல்லலாம். மேலே ஓகே வரும், பக்கத்திலேயே எதை மியூட் செய்திருக்கிறோம் என்றும் காட்டும், நேரம் முடிந்ததும் எச்சரிக்கை தானே திரும்பி வரும். ஒரு ஓஎஸ்டி டவுன் என்பதை மியூட் செய்திருக்கும்போது இரண்டாவதும் விழுந்தால் மியூட் தானாகக் கலைந்துவிடும். இதை யோசித்தவர் கண்டிப்பாக ராத்திரி டியூட்டி பார்த்தவர்.

இருந்தாலும் ஆபத்துக்கு உதவாது. மூன்று மானிட்டரில் இரண்டு விழுந்து கோரம் போய்விட்டால் ஸ்டேட்டஸ் எதையும் காட்டாது. கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கும் மானிட்டர் மெஷினுக்குள் போய், அங்கிருந்தே டெமனிடம் நேரடியாகப் பேசும் அட்மின் சாக்கெட்டில்தான் கேட்க வேண்டும். புள்ளிவிவரம் சேகரிக்கும் மேனேஜர் டெமன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சில விநாடிகள் எல்லா பிஜியும் 'அன்நோன்' என்று வருவது இன்னொரு கூத்து. முதல் தடவை பார்த்தபோது ராஜினாமா கடிதத்தை மனசுக்குள் எழுதியே முடித்துவிட்டேன்.

நண்பரிடம் போதாது என்று சொல்லிவிட்டேன். மேனேஜரில் பிரோமிதியஸ் (அளவீடுகளைச் சேகரிக்கும் மானிட்டரிங் கருவி) மாட்யூலை ஆன் செய்து, ஹெல்த் வரியை நம்பாமல் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் தனி அலர்ட் வைக்கச் சொன்னேன். ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டார். நேற்று கேட்டிருந்தால் நாலரை. இன்று காலை, பிரதிகளின் டேட்டாவை முழுசாகச் சரிபார்க்கும் டீப் ஸ்க்ரப் தாமதம் என்று மறுபடி வார்ன் வந்திருக்கிறது, அதனால் இரண்டுதான். இதை எழுதும்போதும் பக்கத்து டெர்மினலில் வாட்ச் கமாண்ட் போட்டு, இரண்டு விநாடிக்கு ஒருமுறை செஃப் ஸ்டேட்டஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.